இரண்டு வரி இலவசம்

இசக்கிதுரையின் ஒன்பது விரல்களில் பசை இருக்கும். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் சுத்தம். தோலையும் உள்துணியையும் சேர்த்து ஒட்டும்போது, சகதியில் நடப்பவர்கள் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிப்பதுபோல, அதை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்வார். அது செய்தித்தாள் விரல். பலகையில் சாய்த்து வைத்த போனை அந்த விரலால் மேலே தள்ளித் தள்ளித்தான் தாராவியின் அந்தப் பைப் பட்டறைக்குத் தினமும் ஊர்ச்செய்தி வாசிப்பார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பம்பாயிலேயே பிறந்து ஹிந்தியில் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். நாலு எழுத்தைக் கூட்டி வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆகவே இசக்கிதுரை வாசித்ததுதான் செய்தி.

ஒருநாள் அவர் போனில் வாசித்துவந்த பத்திரிகை கதவைச் சாத்திக்கொண்டது. தலைப்பும் முதல் இரண்டு வரியும் தெரியும். அதற்குக் கீழே எழுத்து மங்கி, முழுவதும் படிக்கச் சந்தா கட்டுங்கள் என்று ஒரு பெட்டி வந்து குந்தும். காற்றில் வருகிற செய்திக்குக் காசு கொடுப்பதாவது என்று இசக்கிதுரை மூன்றாவது வரியைத் தாமே போட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் உப்பு லாரி கவிழ்ந்தது என்று பத்திரிகை நிறுத்தினால், மூட்டைகளுக்கு நடுவில் ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு ஜோடியை அவர் கண்டுபிடித்தார். பெண்ணின் மூக்குத்தி காணாமல் போனது வரைக்கும் விவரம் இருந்தது. பட்டறை சொக்கிப்போய்க் கேட்டது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் வந்த தலைப்பு, புளியங்காடு கோயில் கொடைத் திருவிழாவில் தகராறு. அது மெஷினில் இருந்த ராஜபாண்டியின் அப்பா பிறந்த ஊர். "இரு தரப்பையும் அழைத்து தாசில்தார் பேசியதில்..." என்பதோடு எழுத்து மங்கியது. "கொடை ஒரு வாரம் தள்ளி வைக்கப்பட்டது" என்று வாய் தானாக முடித்துவிட்டது.

ராஜபாண்டியின் மெஷின் நின்றது.

"அண்ணாச்சி! கொடையில பாப்பாவுக்கு முடி எறக்க ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன். கேன்சல் பண்ணிட்டு வேற தேதி போடணுமே!"

அந்த மாதத்தில் உறுதியான டிக்கெட்டைக் கைவிட்டால் திரும்பக் கிடைக்காது. பிள்ளையின் முதல் முடி ஊர்ச்சாமி மாடனுக்குப் போய்ச் சேராவிட்டால் மாமியார் அவனுக்கு முடி இறக்கிவிடுவாள். அவன் ஏஜெண்டின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

"கொஞ்சம் பொறுல பாண்டி" என்றார் இசக்கிதுரை.

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஜெயினுலாப்தீன் தலை நிமிராமலே சொன்னார். "பாண்டி, போன வைய்யி. வே இசக்கி, அந்தச் செய்திய இன்னொரு மட்டம் வாசியும். தேதிய நல்லாப் பாத்துச் சொல்லும்."

"நெட்டு போயிட்டு மொதலாளி."

"சாப்பாட்டுக்குப் பொறவு வந்துரும்வே. அப்பம் வாசியும்."

இசக்கிதுரை குழாயடிக்குப் போய் எல்லா விரல்களையும் தேய்த்துக் கழுவினார். ஒரு மாதச் சந்தாவைக் கட்டினார். தாசில்தார் பேசியதில், அறிவித்த செவ்வாய்க்கிழமையே கொடை நடத்த இரு தரப்பும் சம்மதித்திருந்தன.

"தள்ளி வச்சது ரத்தாம்ல" என்று வந்து வாசித்தார்.

"காலைல தள்ளி வச்சி மத்தியானம் ரத்தா?" என்றான் ராஜபாண்டி.

"தாசில்தார்னா சும்மாவா?"

ராஜபாண்டி போனான், மொட்டைத் தலைப் பிள்ளையோடு திரும்பினான். கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று இசக்கிதுரை நாலு நாள் செய்தியை முழுசாக, உள்ளது உள்ளபடி வாசித்துப் பார்த்தார். கூட்டம் நடைபெற்றது, மனு அளிக்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்படும். "என்ன அண்ணாச்சி, பேப்பர் கெட்டுப்போச்சா?" என்று கொட்டாவி விட்டான் ராஜபாண்டி. ஐந்தாம் நாள் மூன்றாவது வரியைக் கண்ணால் பார்க்காமல் தாண்டி, பழையபடி சொந்த வரியைப் போடப் பழகிக்கொண்டார். இலவசமாகப் பொய் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. அந்த மாதத்தோடு சந்தாவை விட்டுவிட்டார்.

ரம்ஜானுக்குப் பிறகு முதலாளியின் மகள் சஃப்ரீன் சேமியா கொண்டு வந்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க வாசிக்கிறது எந்தப் பேப்பர்? உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. வாப்பா மூணு வருசமா சந்தா கட்டி, டெய்லி விடியக்காலம் ஃபஜ்ரு தொழுதுட்டு ஒரு எழுத்து விடாமப் படிக்காங்க. ஆனா ராத்திரி சோறு திங்கையில நீங்க வாசிச்சதுன்னு எங்களுக்குச் சொல்ற நியூஸ் ஒண்ணுகூட அதுல இல்ல."