அவர் கேட்ட வாக் ஓவர்

கால்பந்து எனக்குப் பிடிக்காது. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கால்பந்து கிளப் நடத்தினார். மாவட்ட லீக்கில் இரண்டாவது டிவிஷனில் ஆடும் டீம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தையல் மெஷின்கள் வைத்திருந்தோம். எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டி அனுப்பும் தோலை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். அதில் வந்த காசு பாதி குடும்பத்துக்கு, பாதி பந்துக்கு. சண்டை போடாத மாதமே கிடையாது. "உங்க பசங்க ஓடறதுக்கு நான் ஏன் தைக்கணும்?" என்று கேட்பேன். சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு பேருக்கும் நான்தான் முட்டை வேகவைப்பேன். திட்டிக்கொண்டே வேகவைப்பேன்.

எங்களுக்கு வேலை கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிதான் ஜெர்சிக்கும் ஸ்பான்சர். அவர் கம்பெனிப் பெயர் பையன்களின் மார்பில் இருக்கும். எல்லாம் நன்றாகத்தான் போனது, அவர் மகன் வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வரும்வரை. அந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கால்பந்து ஆசை வந்தது. கிளப்பைத் தன் மகன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். என் வீட்டுக்காரர் மறுத்தார். எதற்கும் எதிர்த்துப் பேசாத மனிதர் அந்த ஒன்றுக்கு மட்டும் முடியாது என்று சொன்னார்.

அந்த வாரமே ஸ்பான்சர் போனது. அடுத்த வாரம் தையல் வேலையும் நின்றது. அதற்கடுத்து முதலாளி அதே டிவிஷனில் சொந்தமாக ஒரு டீம் ஆரம்பித்து, எங்கள் பையன்களில் நன்றாக ஆடும் ஏழு பேருக்குத் தன் கம்பெனியில் நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தார். ஏழு பேரும் போய்விட்டார்கள். வேலை கேட்டுப் போன என் வீட்டுக்காரரை, கம்பெனி வாசலில் செக்யூரிட்டியோடு சேர்த்து நிற்கவைத்தே பேசினார் முதலாளி. பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நேரம். "தையல் மெஷின் வெச்சிருக்கறவன்லாம் டீம் ஓனர்னு சொல்லிக்கினா இப்டித்தான் தெருவுல நிக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிலர் சிரித்தார்களாம். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொல்லவும் இல்லை. டீம் கேப்டன்தான் சொன்னான்.

கேப்டன் வாணியம்பாடிப் பையன். தோல் வியாபாரி வீட்டில் கணக்கெழுதுகிறவன். போகாமல் இருந்தவர்களில் அவன் ஒருவன்.

வேறு கம்பெனியில் வேலை பிடிக்கலாம் என்று வேலூருக்குப் பஸ்ஸில் போன என் வீட்டுக்காரருக்குப் பள்ளிகொண்டா தாண்டும்போது நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சாவுக்கு முதலாளி வந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு மாலை. போட்டுவிட்டு, என் கொழுந்தனாரைப் பந்தலோரம் தள்ளிக்கொண்டு போனார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவர் பேச்சு அப்படியே காதில் விழுந்தது.

"இனிமே யாரு டீம பாத்துக்கப் போறாங்க? டீம் இல்லைன்னு லீக்குக்கு ஒரு லெட்டர் குடுத்துட்டீங்கன்னா மீதி பசங்களையும் நானே எடுத்துக்கறேன். உங்களுக்கும் பேஜார் இல்ல."

உடம்பு இன்னும் எடுக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்தேன். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"டீம நான் நடத்தறேன் சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா, சரிம்மா, மனசு சரியில்லாத நேரத்துல எதுவும் பேசாதே" என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினார். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். என் அழுகை நின்றது அந்த நிமிஷத்தில்தான். அதன் பிறகு அழ நேரமே இருக்கவில்லை.

டீம் நடத்துவது என்றால் என்னவென்று அந்த சீசனில்தான் தெரிந்துகொண்டேன். லீக்குக்குக் கட்டணம், ரெஃப்ரிக்குப் படி, கிரவுண்டுக்கு வாடகை, பையன்களை ஏற்றிவர டெம்போ. கோடு போடும் சுண்ணாம்பு மட்டும் தோல் பதனிடும் தெரிந்த டேனரி ஒன்றிலிருந்து சும்மா கிடைத்தது. கடனும் வாங்கினேன். கையில் காசு தீரும்போதெல்லாம் கொட்டகையிலிருந்து ஒரு மெஷின் விலைக்குப் போகும். மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரியும். ஜெர்சியை நானே தைத்தேன். மார்பில் யார் பெயரும் போடவில்லை.

ஆடுவதற்கு ஆள்? போகாமல் இருந்த நான்கு பேரோடு, மாதனூர் பக்கத்திலிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பையன்கள், ஆலங்காயத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒருவன் என்று கேப்டன்தான் பொறுக்கிச் சேர்த்தான். ஷிஃப்ட் முடித்த உடம்போடு ஆடுவார்கள். தோற்போம். மறுபடியும் தோற்போம். நான் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆஃப்சைட் என்றால் என்ன என்று கேப்டன் தண்ணீர் பாட்டில்களை வைத்துக் காட்டிக் கொடுத்தான்.

"அக்கா, நாம ஜெயிக்கப் போறதில்ல. எதுக்கு மெஷின வித்துக்கினு?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஜெயிக்கறதுக்கு இல்லப்பா. முதலாளி டீமோட ஒரு மேட்ச் வருது இல்ல, அதுவரைக்கும் நாம உயிரோட இருக்கணும்."

அவன் பிறகு ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சீசனின் கடைசி மேட்ச்தான் அது. அதற்குள் நாங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம். முதலாளியின் டீம் எங்களை ஜெயித்தால் முதல் டிவிஷனுக்கு ஏறும். டிரா ஆனால்கூட அந்த இடம் வேலூர் டீம் ஒன்றுக்குப் போய்விடும். அந்த வாரம் முதலாளி என் வீடு தேடி வந்தார். முக்கால்வாசி காலியான கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன்.

"இதப் பாரும்மா, சுத்தி வளைச்சுப் பேச விரும்பல. ஞாயித்துக்கெழம நீ டீம அனுப்பாதே. வாக் ஓவர் ஆயிடும், ஆடாமலே நாங்க ஜெயிச்ச கணக்கு. உன் கடன் எவ்ளோ இருக்கோ நான் கட்டிடறேன். தையல் வேலையும் பழையபடி அனுப்பறேன். முன்னவிட ஜாஸ்தியாவே அனுப்பறேன்."

"எங்க டீம பாத்து பயமா சார்?"

சிரித்தார். "பயம் இல்லம்மா. அன்னிக்கு நம்மகிட்ட ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் வர்றாங்க. எந்தத் தடங்கலும் இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

தலையைக் குனிந்துகொண்டேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் தலையைக் குனிந்திருந்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன். மறுநாளே ஊரில் ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது. முதல் டிவிஷனில் கால் பதிக்கும் டீமுக்கு வாழ்த்து, நடுவில் மகன் படம். பட்டாசு பெட்டி பெட்டியாக இறங்குகிறது, பேண்டு வாத்தியம் சொல்லியாகிவிட்டது என்று கேப்டன் வந்து சொல்லச் சொல்ல எனக்குப் பசி எடுத்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டெம்போவைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோகவில்லை. சாலைத் திருப்பத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னேன். பையன்கள் ஜெர்சியோடு உள்ளே உட்கார்ந்து வியர்த்தார்கள். நான் மட்டும் நடந்துபோய் மதிலோரம் நின்றேன். ஷாமியானாவுக்குக் கீழே பையர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மகன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் டீம் ஓடிப் பழகக்கூட இல்லை. பாதிப் பேர் பூட்ஸைக் கழற்றிப்போட்டுப் புல்லில் சாய்ந்திருந்தார்கள். எங்களிடமிருந்து போன ஏழு பேரும் அதில் இருந்தார்கள். நான் முட்டை வேகவைத்துக் கொடுத்த ஏழு பேர்.

ரெஃப்ரி வாட்சைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். முதலாளி எழுந்து கைதட்டத் தயாரானார். நான் போனை எடுத்து, "இப்ப வாங்க" என்றேன்.

டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே கிரவுண்டுக்குள் நுழைந்தது. நான் அதன் பின்னாலேயே நடந்து முதலாளி கண்ணெதிரே போனேன். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவசரமில்லாமல் பார்த்தேன்.

"கோல் போட வேணாம்டா. போட விடாதீங்க, அது போதும்" என்று கேப்டன் கத்தினான். பதினொரு பேரும் கோலுக்கு முன்னால் சுவர்போல நின்றார்கள். அழகான ஆட்டமெல்லாம் இல்லை. பந்து வந்தால் பாலாற்றுப் பக்கம் உதைத்தார்கள். அதை எடுத்துவர நேரம் ஆகும். கூட்டம் ஊளையிட்டது. எனக்கு அது இனிப்பாக இருந்தது. போகப் போக அவர்கள் டீமுக்குக் கோபம் வந்து, ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்தார்கள். முடியப்போகிற நேரத்தில் ஆளே இல்லாத இடத்தில் அவர்களில் ஒருவனுக்குப் பந்து கிடைத்தது. எங்கள் ஏழு பேரில் ஒருவன்தான்.  வேகமாக உதைத்தான். கம்பத்துக்கு மேலே போய்விட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நிறுத்தாமல் தட்டினேன்.

யாருக்கும் கோல் இல்லை. விசில் அடித்ததும் எங்கள் பையன்கள் தரையில் விழுந்தார்கள். பேண்டுக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். நான் நேராக ஷாமியானாவுக்குப் போனேன்.

"சார், அந்தப் பட்டாசு வீணாத்தான் போகும். எங்க பசங்க கேக்கறாங்க, குடுத்துடுங்களேன்."

அவர் பையர்களைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார். பட்டாசை யாரும் எடுத்துப் போகவில்லை. இருட்டும் வரை எங்கள் பையன்கள் வெடித்தார்கள். நானும் ஒரு சரம் கொளுத்தினேன்.

அடுத்த சீசனுக்குக் கட்டணம் கட்ட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. டீம் இல்லை என்று லீக்குக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மீதி மெஷின்களை விற்றும் கடன் முழுவதும் தீரவில்லை. இப்போது ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்துக் கட்டி வருகிறேன். "வாக் ஓவர் குடுத்திருந்தா ராணி மாதிரி இருந்திருப்பே" என்று கொழுந்தனார் இன்னும் சொல்கிறார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அன்று முதலாளியோடு சமாதானமாகியே போயிருப்பார். அவருக்கு அவ்வளவு நல்ல மனசு. எனக்கு அது இல்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

சில மாதம் கழித்துக் கேப்டன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். "அக்கா, விஷயம் தெரியுமா? முதலாளி அவரு டீம கலைச்சுட்டாரு. பையனுக்கும் அவருக்கும் ஒரே சண்டையாம். அந்தப் புது ஜெர்சிய வெச்சு இப்ப டேனரில தோல் ஊறவைக்கற டிரம் தொடைக்கறாங்க."

"இன்னா சொன்னே?"

"டிரம் தொடைக்கறாங்கக்கா. என் கண்ணால பாத்தேன்."

அவனை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.