பேக்கப் அண்ணன் அழித்த டேட்டாபேஸ்

அவருக்கும் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கடைத்தெரு முழுக்க அவர் பேக்கப் அண்ணன்தான். பல் டாக்டர், தையல் பள்ளி, வாடகை வேன்காரர் என்று இருபத்தேழு பேருடைய வெப்சைட்டுகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறார். யார் எந்தக் குறையோடு வந்தாலும், "பேக்கப் எடுத்தாச்சா?" என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும். வீட்டுச் சாவிக்கு மூன்று நகல் வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடி உடைந்தால் போட இன்னொன்று, அதுவும் உடைந்தால் போட வேறொன்று. அப்படிப்பட்டவர் கையால்தான் இது நடந்தது. யாரை நொந்துகொள்வது?

அவருடைய அக்காவும் அத்தானும் அவர் இருக்கும் கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்தார்கள். அத்தான் சரியான வாயாடி. ஆறு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள், உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பேசியே பழகிய மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைத் தம்பியால் சகிக்க முடியவில்லை. ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தார். அத்தான் டேப்லெட்டில் தட்டினால் அக்காவின் போனில் பெரிய எழுத்தில் வரும். தேதியோடு டேட்டாபேஸில் தங்கிவிடும். அக்காவுக்கு டைப்பிங் சுட்டுப்போட்டாலும் வராது, அவள் வாயால்தான் பதில் சொல்வாள். ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் அத்தானின் பேச்சு மட்டும்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அத்தான் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா காலையில் கண் விழித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள். அன்றைய தேதியில் போன வருடம் என்ன சொன்னார், அதற்கு முந்தின வருடம் என்ன சொன்னார் என்று தேடிப் படிப்பாள். "இன்னைக்குத் தேதியில மூணு வருஷமும் என்னைத் திட்டியே வச்சிருக்காருடா" என்று மாடிப்படியில் நின்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு முதல் நாளே நடந்தது. வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில் 'வீடு' என்று ஒரு டேட்டாபேஸ் தொடங்கினார். அதற்கு ஒரு யூசர், பாஸ்வேர்டு, எல்லா அனுமதியும் கொடுத்தார். அதை மட்டும் தினமும் தானாக வேறொரு சர்வரில் பேக்கப் எடுக்கவும் சொல்லிவைத்தார், அவர் வேறு எப்படிச் செய்வார்? அத்தான் ஒரு வரி தட்டினார், போனில் வந்தது. அடுத்த நிமிடம் பக்கம் உறைந்துபோனது. அத்தான் குழந்தை மாதிரி டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பழுது பார்க்கப் பொறுமையில்லாமல் தம்பி அவசரத்துக்கு 'டெஸ்ட்' என்று இன்னொரு டேட்டாபேஸ் தொடங்கி, பக்கத்தை அதோடு இணைத்தார். உடனே வேலை செய்தது. நாளைக்கு ஒழுங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அத்தான் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டார், இவரும் அதை மறந்தே போனார்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். கணக்கில் இடம் நிரம்பிவிட்டது, வேண்டாததை நீக்குங்கள் என்று கம்பெனியிலிருந்து மெயில். மூன்றாவது மெயில் அது, முதல் இரண்டையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேனலைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். வாடிக்கையாளர்களுக்காகச் சோதனைக்கு எப்போதோ தொடங்கிய டெஸ்டுகள் அங்கங்கே கிடந்தன. டெஸ்ட் என்று பெயருள்ளவை மொத்தம் ஒன்பது. கை வைக்கும் முன்பு வழக்கப்படி பேக்கப் பக்கத்தைப் பார்த்தார். வீடு, இன்று காலை, பச்சை டிக். நிம்மதியாக ஒன்பதையும் வரிசையாகத் தூக்கினார். நிச்சயமாக அழிக்கவா என்று பேனல் ஒன்பது தடவை கேட்டது. ஒன்பது தடவையும் ஆமாம் என்றார்.

டீ குடிக்க எழுந்தபோது அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, உங்க அத்தான் திறக்கமாட்டேங்கறாருடா."

"சர்வர் மெதுவா இருக்கும்க்கா. பத்து நிமிஷம் பொறு."

போனை வைத்தவர் டீயை மறந்து திரும்பப் பேனல் முன்னால் உட்கார்ந்தார். 'வீடு' பேக்கப்பை இறக்கித் திறந்தார். ஆறு வருடத்தில் அன்றுதான் அதை முதல்முறையாகத் திறக்கிறார். உள்ளே ஒரே ஒரு வரி. முந்தின நாளுடையதைத் திறந்தார், அதிலும் அதே வரி. முப்பது நாள் பேக்கப்பும் இருந்தது, முப்பதிலும் அந்த ஒரு வரிதான். எல்லோரையும் பேக்கப் எடுத்தாயா என்று கேட்ட மனிதர், எடுத்ததில் என்ன இருக்கிறது என்று தன்னை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், உங்க கணக்குல இடம் நிரம்பிட்டா முழுக் கணக்குக்கும் நாங்க எடுக்கற பேக்கப் நின்னுடும். ரெண்டு மாசமாச்சு" என்றான் அங்கிருந்தவன்.

"அதுக்கு முந்தினது?"

"அதை ஒரு மாசம்தான் வச்சிருப்போம். மெயில் அனுப்பினோமே சார்."

மாடிப்படி பதினெட்டு. அன்று ஏறி முடிய வெகு நேரம் ஆயிற்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரியாயிடுச்சா?"

"அக்கா, நான் அழிச்சிட்டேன்க்கா. தெரியாம அழிச்சிட்டேன். எல்லாம் போச்சு. ஒரே ஒரு வரிதான் மிச்சம்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன வரி? படி."

படித்தார். "டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தா."

அக்காவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"முதல் நாள்டா அது! பேச்சு வந்ததும் வேலை வாங்க ஆரம்பிச்சாச்சான்னு சத்தம் போட்டேன். அதுக்கு அவர் ஏதோ தட்டினாரே, நான்கூட விழுந்து விழுந்து சிரிச்சேனே... என்ன அது, ஞாபகம் வரலை. அடுத்த வரியைப் படிடா."

அடுத்த வரி டெஸ்டில் இருந்தது.