ஃபெபி டீச்சர் அடித்துக் கொடுத்த ஜப்திப் பட்டியல்

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஃபெபி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியது தொண்ணூற்றாறு சித்திரையில். கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையில் பாதியை விற்று ஆறு மிஷின் வாங்கிப் போட்டாள். வயது முப்பத்திரண்டு. வீட்டில் யாராவது மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தால், பேப்பர் தீர்ந்துவிட்டது என்று கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

அவளுக்கு முன்னால் அந்த மாடியில் இருந்தது ஒரு தேக்குமரக் கம்பெனி. ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சம் என்று சொல்லிய முதலாளி, கன்று நடும் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். கம்பெனி போனாலும் விலாசம் போகவில்லை. பணத்தைத் தேடி வாரத்துக்கு ஒருவராவது மாடியேறி வருவார். தண்ணீர் கொடுத்து, விவரம் சொல்லி அனுப்புவது ஃபெபிக்குப் பழகிவிட்டது.

அப்படி ஒருநாள் மாடியேறி வந்த கோர்ட் அமீனா வேதமுத்து தண்ணீரைக் குடித்தார், ஆனால் போகவில்லை. ஜப்தி வாரண்டை மேஜைமேல் வைத்தார். பின்னால் நின்றவர் வழக்குப் போட்ட அச்சகக்காரர் சுவிசேஷமுத்து. தேக்குக் கம்பெனி அவரிடம் அச்சடித்துக்கொண்டு காசு தராமல் போயிருந்தது. அவர் ஆறு மிஷினையும் கைகாட்டினார்.

எல்லாம் தன்னுடையவை என்று ஃபெபி எடுத்துச் சொன்னாள்.

“டீச்சர், நீங்க சொல்லுதது நெசமாத்தான் இருக்கும். ஆனா வாரண்டுல இந்தக் கதவு நம்பர்லா போட்டிருக்கு. நான் என்ன செய்ய?” என்றார் வேதமுத்து.

பிப்ரவரி பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

வேதமுத்து பட்டியல் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு மிஷினுக்கும் நம்பர் வேண்டும். நம்பரோ பொடி எழுத்து; கண்ணாடியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்றா எட்டா என்று முதல் மிஷினிலேயே மாட்டிக்கொண்டார்.

“குடுங்க சார், நான் அடிச்சுத் தாரேன்,” என்றாள் ஃபெபி.

கார்பன் வைத்து நாலு காப்பி அடித்தாள். கேட்காமலே இரண்டு கட்டமும் சேர்த்தாள்: யார் பேரில் பில், என்ன தேதி. பில்களையும் பின்னால் குத்திக் கொடுத்தாள். ஆறு வரியிலும் அவள் பெயர். தேதி எல்லாம் கம்பெனி மூடிய பிறகு. வேதமுத்து பேப்பரைத் தூரப் பிடித்து ஆறையும் உரக்க வாசித்தார்.

“அண்ணாச்சி, இதுல கை வச்சா நாளைக்கு என் மேலல்லா மனு போடுவாங்க.”

அச்சகக்காரர் அசையவில்லை. கம்பெனிச் சாமான் ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார்.

“இருக்கு,” என்றாள்.

கம்பெனிச் சாமானைத் தூக்கிப் போடக்கூடாது என்று மாடியை வாடகைக்கு விட்டவர் சொல்லியிருந்ததால் பூட்டியே வைத்திருந்த பின்னறையைத் திறந்தாள். கூரை வரைக்கும் கட்டுப் பிரிக்காத காலண்டர், நாலாயிரம். எல்லாம் போன வருஷத்தது. சுவிசேஷமுத்து ஒரு கட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது நான் அடிச்சதுல்லா?”

“இப்போ கம்பெனிச் சொத்து. எழுதிக்கிடுதேன்,” என்றார் வேதமுத்து.

ஏலம் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பும் அச்சகக்காரர் தலையிலேயே விழுந்தது. மாட்டுவண்டி பிடித்து வந்தார். பெண்களும் கைகொடுத்தார்கள். கடைசிக் கட்டு இறங்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படம் என்னமோ நல்லாத்தான் விழுந்திருக்கு என்றார்.

காலியான பின்னறையில் ஆடிக்குள் ஃபெபி இன்னும் இரண்டு மிஷின் போட்டாள். பட்டியல் என்றால் வேதமுத்து அவளிடமே கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் வாங்கினாள். கார்பன் காப்பிக்குத் தனி.