றெஜினா அக்கா போகாத பயணம்

நோர்பரியில் ஒரு கராஜில் றெஜினா அக்காவின் காருக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நெடும் பயணத்துக்கு முன் வண்டியைக் காட்டிவிட வேண்டும் என்று அவர்தான் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். நான் வாசலில் நின்றபோது அவருடைய மகன் நிரோஷன் அழைத்தான். காலையில் வீட்டுச் சமையலறையில் விழுந்த அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவாம். "அங்கிள், அம்மா போயிட்டா," என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கராஜ்காரர் வந்து பின்சக்கரங்களுக்கும் மாற்றிவிடவா என்று கேட்டார். மாற்றுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நம் பங்குக் கோயிலில் அவரை அறியாதவர்கள் குறைவு. மன்னார்க்காரர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் ஊற்றுபவர். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி, செக் நாடு என்று காரிலேயே போகப்போகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் உல்லாசப் பயணமா என்று பலர் சிரித்தீர்கள். அவரும் கூடச் சிரித்தார். அது என்ன பயணம் என்பதை உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

கணவர் இறந்த பிறகுதான் அவர் கார் ஓட்டப் பழகினார். பல தடவை தேர்வில் தவறினார். ஒருமுறை தேர்வாளர் ஏறி உட்கார்ந்ததுமே சாவியைத் திருப்ப முடியாமல் இறங்கி வந்துவிட்டார். ஏன் இவ்வளவு பாடு, விமானத்தில் போய் அங்கே கார் எடுத்துக்கொள்ளலாமே என்று மகன் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை: "நான் தரையால வந்தனான். தரையாலதான் போகவேணும்."

நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். ஒரு கோடையில் குடும்பத்தோடு ஜெர்மனிவரை காரில் போய் வந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தேநீரை நீட்டிக்கொண்டே, "தம்பி, அந்த ரோட்டெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே?" என்று கேட்டார். ஆமா அக்கா, கொஞ்சம் தெரியும் என்றேன். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். முன்விளக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், எச்சரிக்கை முக்கோணம், மஞ்சள் மேலங்கிகள் எல்லாம் வாங்கிச் சேர்த்தார். கடலுக்கு அடியில் போகும் ரயிலில் காரை ஏற்றினால் நேரம் மிச்சம் என்று நான் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "மூடின பெட்டிக்குள்ள இனி நான் ஏறமாட்டன், தம்பி." கப்பலில் போவதென்று முடிவு செய்தோம்.

காரணத்தை அவர் எனக்குச் சொன்னது சென்ற குளிர்காலத்தில். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனார். திரும்பும் வழியில் தேநீர் குடிக்க ஓர் இடத்தில் நிறுத்தினோம். அவர் இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

இளம் வயதில், எல்லைகளைக் களவாகக் கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் மூலம் அவர் வந்தபோது கூட வந்தவள் ஜெசிந்தா. மன்னாரில் பக்கத்து ஊர்ப் பெண். மூடிய லாரிப் பெட்டிகளில், வழி முழுக்க ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள். செக் எல்லைக் காட்டைப் பனியில் நடந்து கடக்க வேண்டியிருந்தது. ஜெசிந்தாவுக்குக் கடும் காய்ச்சல், காலெடுத்து வைக்க முடியவில்லை. கூட்டிப்போனவன் அவளை ஒரு மரத்தடியில் உட்காரவைக்கச் சொன்னான். பின்னால் வரும் கூட்டம் தூக்கி வரும் என்றான். அக்கா தன் கம்பளிச் சால்வையை அவளுக்குப் போர்த்திவிட்டு நடந்தார். எல்லை தாண்டி ஜெர்மனி அகதி முகாமில் காத்திருந்தார். பின்னால் வந்தவர்களில் ஒருவர், அந்தப் பிள்ளை மரத்தில் சாய்ந்தபடியே விறைத்துப்போயிருந்தது என்றார்.

"அவளின்ர அம்மாவுக்குப் போனில என்ன சொன்னனான் தெரியுமே? வேற பாதையால போயிட்டாள், வருவாள் எண்டு சொன்னனான். பிறகு அதை மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

இதைச் சொந்தக்காரர் யாரிடமும் சொல்லாமல் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். உங்களுக்கு மன்னாரில் ஒருத்தரையும் தெரியாது, அதுதான் என்றார்.

அந்தத் தாய் காலமானார். மகன், ஜெசிந்தாவின் தம்பி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்காவை அழைத்து வாழ்த்துவார். பேச்சின் கடைசியில், ஏதும் தகவல் உண்டா என்று கேட்பார். இடத்தைக் கண்டுபிடித்து, அடக்கம் செய்யப்பட்டாளா என்று அந்த ஊரில் விசாரித்து, அதன்பிறகு அவருக்குச் சொல்வது என்பதுதான் அக்காவின் திட்டம். வெறும் கையோடு உண்மையைச் சொல்ல அவரால் இயலவில்லை.

காட்டுக்குள் இறங்குமுன் கடந்த ஒரு கிறிஸ்தவக் கோயில்தான் அவருக்கு நினைவிருந்த அடையாளம். ஒரு கோபுரம் வெங்காய வடிவம், மற்றது பாதியில் நின்றது. கணினியில் எல்லையோர ஊர்களின் தெருப்படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். பல வாரங்கள் பிடித்தன. ஒரு சனிக்கிழமை அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். திரையில் அந்தக் கோயில், நல்ல வெயில், முன்னால் ஒரு சைக்கிள். "இவ்வளவு கிட்டவே வீடுகள் இருந்தது," என்றார். பிறகு மூடச் சொன்னார். ஏப்ரலில், பனி கரைந்ததும் புறப்படுவதாக இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு நிரோஷன், அம்மா ஏன் அங்கே போக நினைத்தா என்று என்னைக் கேட்டான். சொன்னேன். அவன் அம்மாவின் தொலைபேசியில் ஜெசிந்தாவின் தம்பியுடைய எண்ணைத் தேடி எடுத்தான். ஆனால் நீங்கள் பேசுங்கள் அங்கிள் என்று என் கையில் கொடுத்துவிட்டான்.

முதலில் அக்காவின் மரணத்தைச் சொன்னேன். பிறகு மற்றதை.

"எங்களுக்குத் தெரியும், ஐயா," என்றார் அவர். "அந்தக் கூட்டத்தில வந்த ஒராள் அப்பவே அம்மாவுக்குச் சொல்லிப்போட்டார். றெஜினாக்கா தன்ர வாயால சொல்லுவா எண்டுதான் அம்மா கடைசிவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவ. அதுக்குத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தனான்."

கோபமாக இருந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஊரின் பெயரைக் கேட்டார். நான் சொன்னது அவர் வாயில் நுழையவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அக்காவை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய தேநீரும் சிரிப்பும் இருக்கும். எனக்கு அவர் விட்டுச்சென்றது வேறு. மன்னித்திருக்கக்கூடிய ஒரு தாய்க்குப் பயந்து ஒருவர் முப்பது வருடம் வாய் திறக்காமல் வாழ்ந்திருக்கிறார் என்பதை நான் அறிவேன். அந்தக் காட்டுக்குப் போகும் பாதையும் எனக்கு மனப்பாடம். நிரோஷன் இன்னும் வருவதாகச் சொல்லவில்லை. அவன் வராவிட்டாலும் நான் போவேன்.