மேல்மூடி திறக்காத தீபாவளி

தொண்ணூறுகளில் என் லாரிக்கு டிரைவரும் கிளீனரும் நானேதான். மனைவி இறந்த வருடம், தீபாவளியன்று வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பொள்ளாச்சியில் கொப்பரைத் தேங்காய் காயப்போடும் ஒரு களத்திலேயே வண்டியோடு தங்கிவிட்டேன். பொழுது போக வேண்டுமே என்று, பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டிக்கு ஆயில் மாற்ற வண்டிக்கடியில் படுத்தேன்.

ஆயில் ஊற்றும் மேல்மூடி கழல்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். நானோ அடிமூடியைத் திறந்து பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் மேல்மூடி அசையவே இல்லை. ஆயில் இல்லாமல் வண்டியை நகர்த்தினால் உள்ளே பல்சக்கரம் போய்விடும். வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. களத்தைக் காவல் காக்கும் அம்மாள்.

“ஏனுங்க, யாருகிட்டப் பேசறீங்க?”

“வண்டிகிட்டத்தானுங்க.”

அவர் சிரிக்கவில்லை. “எனக்கும் ஊட்டுல கோழிககிட்டத்தானுங்க பேச்சு,” என்றார்.

போய் ஓர் இரும்புக் குழாய் எடுத்து வந்தார். அதை ஸ்பேனரின் பிடியில் மாட்டி நீளமாக்கி இருவரும் சேர்ந்து இழுத்தோம். மூடி கழன்றது. புது ஆயில் துளையின் விளிம்புக்கு வந்து வழியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்றும் வண்டிக்கடியில் பேசுவேன். நடுநடுவே நிறுத்தி, யாராவது வந்து நிற்கிறார்களா என்று சக்கரத்துப் பக்கம் பார்ப்பேன்.