தீப்பெட்டி துள்ளும் நேரம்

சித்தியின் வயிறுதான் அந்த வருஷம் எனக்குப் பொருட்காட்சி. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அப்போது ரேடியோகூட வந்திருக்கவில்லை. அம்மாவின் தங்கை ஆறாவது மாத வயிற்றோடு எர்ணாவூரிலிருந்து வந்து இறங்கியதும், பள்ளிக்கூடம் விட்டால் நேரே அவள் பாய்க்கு ஓடுவது என் வழக்கமாயிற்று. எனக்கு எட்டு வயது இருக்கும்.

அந்த உடம்பில் வாரா வாரம் புதிதாக ஏதாவது கிளம்பும். தொப்புளுக்குக் கீழே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கவுனைத் தூக்கி எனக்கும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உள்ளே போயிருந்த தொப்புள் மெல்ல வெளியே வந்து சட்டைப் பித்தான்போல நின்றது. சாயங்காலமானால் பாதம் வீங்கிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக நிரம்பும். எத்தனை தரம் அழுத்தினாலும் எனக்கு அலுக்காது. வயிறு அரிக்கும், நகம் படக்கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது என் பொறுப்பு. கெண்டைக்கால் சதை திடீரென்று சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் கால் விரல்களை மேலே மடக்கிப் பிடிக்க நான்தான். சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு கரிக்கும். "நெஞ்சு கரிச்சா புள்ளைக்கு முடி ஜாஸ்தியா கீதுன்னு அர்த்தம்" என்பாள் அம்மா. வயிற்றில் இருக்கிற முடி நெஞ்சை எப்படிக் கரிக்கும் என்று கேட்டால், "போடி, பெரிய டாக்டரு" என்று பதில் வரும். சித்தி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாங்கினாள்.

அதற்கு முன் சித்திக்கு ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று இறந்துபோயிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், சித்தி தினமும் சாயங்காலச் சங்குக்காகக் காத்திருப்பாள் என்பதுதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த கம்பெனியில், ஷிப்டு முடியும்போது ஊதுகிற சங்கு அது. அதைக் கேட்டுத்தான் தெருவே அடுப்பு மூட்டும். சங்கு கேட்டதும் உள்ளே இருப்பது அடித்துப் பிடித்து ஓர் உதை விடும். நான் காலித் தீப்பெட்டியைச் சித்தியின் வயிற்றின் மேல் வைத்துக் காத்திருப்பேன். சங்கு ஊதும், பெட்டி துள்ளும். "இப்பவே வேலைக்குக் கெளம்பிடுச்சிப்பா" என்று அப்பா சிரிப்பார். உதை விழுந்த பிறகுதான் சித்தி டீயைக் கையில் எடுப்பாள்.

ஒருநாள் கம்பெனியில் ஸ்ட்ரைக். சங்கு ஊதவில்லை. தீப்பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அக்கா, காத்தாலேர்ந்தே அசையலக்கா" என்றாள் சித்தி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஒண்ணுமில்லடி, தூங்கிக்கினு கீது" என்றாள் அம்மா. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மாதாவே மாதாவே என்று முனகிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா பிடிக்க ஓடினாள்.

எனக்கு விஷயம் தெளிவாகவே இருந்தது. சங்கு ஊதவில்லை, அதனால் குழந்தைக்குப் பொழுது தெரியவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். சித்தியின் வயிற்றோடு வாயை வைத்து, மூச்சை நன்றாக இழுத்து, கம்பெனிச் சங்குபோலவே நீளமாக ஊதினேன். சித்தி பதறி எழப் பார்த்தாள். நான் விடாமல் ஊதினேன்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ற!" என்று வாசலிலிருந்து கத்திக்கொண்டே அம்மா கையை ஓங்கியபடி வந்தாள்.

அவள் கை இறங்குவதற்குள் என் கன்னத்தில் ஓர் இடி. உள்ளேயிருந்து வந்த நல்ல உதை. பின்னாலேயே இன்னொன்று. சர்க்கரைத் தண்ணீர் எழுப்பியதா, என் சங்கு எழுப்பியதா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு.

சித்தி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நெஞ்சு கரித்தபோதும் கால் இழுத்தபோதும் அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி அழும்படி உதைத்திருக்கிறதே என்று அந்த வயிற்றின் மேல் ஆத்திரம் வந்தது.

"சித்திய இன்னாத்துக்கு ஒதைக்கிற? இனிமே அசையாம கெட!" என்று விரலை நீட்டி அதட்டினேன்.

பளாரென்று என் வாயில் ஓர் அடி விழுந்தது. அடித்தது அம்மா இல்லை, சித்தி. அதுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள். அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். சங்கு ஊதியதற்காக அம்மா அடித்திருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். சித்திக்குப் பரிந்து பேசியதற்குச் சித்தியே அடித்தது எந்த ஊர் நியாயம் என்று, அவள் மடியில் தேம்பிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவே இல்லை.