பாதியில் எழுந்து போகும் லுகேரியா

ருஷ்யாவின் தம்போவ் நகரத் தொழிற்சாலை மன்றத்தில் படம் ஓட்டும் ஜகார் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். இயந்திரத்தைத் தானே பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவர். தம் கையில் ஒரு படச்சுருளும் அறுந்ததில்லை என்று அவர் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. அவருக்கே பிடிபடாதது ஒன்றுதான். காதலியை விட்டுப் போருக்குப் போகும் பையனைப் பற்றிய படத்துக்கு நெசவாலையில் வேலை பார்க்கும் லுகேரியா தினமும் வருவாள். அவன் வீட்டைவிட்டு ஓடுகிற இடத்தில் எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் படம் தொடங்குமுன் அவளை வாசலில் மறித்தார்.

"ஏம்மா, நான் ஓட்டுற படம் அவ்வளவு கசக்குதா?"

"இல்லண்ணே. எங்க வீட்டுக்காரர் சண்டைக்குக் கிளம்பறப்போ, நம்ம ஊர் வழக்கப்படி ரெண்டு பேரும் பெட்டிமேல ஒரு நிமிஷம் பேசாம உட்கார்ந்துட்டுத்தான் எழுந்தோம். அப்படி உட்கார்ந்து எழுந்து போனவங்க திரும்பி வருவாங்கன்னுதான் இன்னும் காத்திருக்கேன். படத்துப் பையன் உட்காராமலே ஓடுறான். அவனும் வந்துட்டா, நாங்க உட்கார்ந்ததுக்கு என்ன அர்த்தம்? அதான் முடிவைப் பார்க்கப் பயம்."

"அவன் வரமாட்டான்மா. செத்துப்போயிடுவான்" என்றார் ஜகார்.

"ஐயோ, பாவம் பையன்!" என்றாள் லுகேரியா. அவள் முகம் மலர்ந்திருந்தது.

அன்று படத்தில் பையன் ஓடுகிற இடம் வந்தபோது ஜகார் தம் அறையின் சிறு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவள் சூரியகாந்தி விதை கொறித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.